மர ஸ்கேலில் தொங்கிய சாவி

கை முறிந்து போனாலும் அவள் முதலில் வெந்நீர்தான் கொடுப்பாள் என்று பிள்ளைகள் சொல்வார்கள். பள்ளியில் அவளுக்கு வெந்நீர் மிஸ் என்று பெயர். அவள் ஆசிரியை இல்லை. படித்துப் பட்டம் வாங்கிய நர்ஸும் இல்லை. ஒரு டாக்டரின் கிளினிக்கில் பதினோரு வருடம் உதவிக்கு இருந்தவள். கட்டுப் போடவும், காய்ச்சல் பார்க்கவும், ஊசிக்குப் பயந்து ஓடுகிறவர்களைக் கதவோரம் மடக்கிப் பிடிக்கவும் அங்கே பழகினாள். டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு போய்ச் சேர்ந்துகொண்டார். அந்த இடத்தில் செல்போன் கடை வந்தது. மகள் படிக்கும் பள்ளியில் முதலுதவி அறைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டாள். கிடைத்துவிட்டது.

அறை மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு இரும்புக் கட்டில்கள். யார் ஏறினாலும் இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டும் எடை மெஷின். கண்ணாடி அலமாரியில் பஞ்சு, களிம்பு, மாத்திரை. மேஜையில் ஒரு பிளாஸ்க், ஒரு பதிவேடு. ஜன்னல் திட்டில் ஒரு தொட்டியில் மணி பிளான்ட்.

பதிவேட்டை அவள் நிரப்புவதில்லை. 'என்ன தொந்தரவு' என்ற கட்டத்தைப் பிள்ளைகளே எழுத வேண்டும். "உன் வலி, நீ எழுது" என்பாள். வந்த நேரம், கொடுத்தது என்ன, திரும்பிப் போன நேரம், இவற்றை மட்டும் எழுதிக் கடைசியில் தன் சுருக்கொப்பத்தைப் போடுவாள். பரீட்சை நாளில் வரும் வயிற்றுவலி அவளுக்குத் தெரியும். அதற்குப் பத்து நிமிடம் கட்டில், ஒரு டம்ளர் வெந்நீர், "எந்தப் பாடம் படிக்கல?" என்று ஒரு கேள்வி. தோழியோடு பேச்சு நின்றுபோனதால் வரும் தலைவலியும் தெரியும். அதற்கு இரண்டாவது கட்டிலில் அந்தத் தோழியும் வந்து படுக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இப்படி நான்கு வருடம் போனது. போன வருடம் ஒரு நாள், பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வகுப்பில் இல்லை என்று தெரியவந்தபோது இரண்டு பீரியட் முடிந்திருந்தது. கீழ்த்தளத்தில் பெண் பிள்ளைகளின் பாத்ரூமில், கடைசிக் கதவுக்குப் பின்னால், தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்து, அழக்கூடத் தெம்பில்லாமல் இருந்தாள். வெந்நீர் மிஸ்தான் கண்டுபிடித்தாள். வெளியே கூட்டி வந்து கட்டிலில் படுக்கவைத்து, அவளுடைய அம்மா வரும்வரை பக்கத்தில் இருந்தாள். அந்தப் பெண் பிறகு தேறிவிட்டாள். படித்து முடித்து வேறு பள்ளிக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் அவள் எழுந்து பேசினாள். கூட்டத்தில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு பீரியட் ஒரு பொண்ணு உள்ள உட்கார்ந்திருக்கா. யாருக்கும் தெரியல. யாரு போறா, எப்ப வர்றான்னு கவனிக்க ஒரு வழி பண்ணுங்க."

துணைத் தலைமை ஆசிரியர் குறித்துக்கொண்டார். பள்ளியை நடத்துகிறவர் அவர்தான். தலைமை ஆசிரியைக்கு ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது, கையெழுத்து மட்டும் போடுவார். துணைத் தலைமை ஆசிரியருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் சுற்றறிக்கை. மின்விசிறியை நிறுத்துவது பற்றிச் சுற்றறிக்கை விடுவார். சாக்பீஸை எவ்வளவு தேய்ந்த பிறகு தூக்கி எறியலாம் என்று விடுவார். சுற்றறிக்கைகளை யாரும் சரியாகப் படிப்பதில்லை என்று ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறார்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. வகுப்பு நேரத்தில் பெண் பிள்ளைகளின் பாத்ரூம் பூட்டியிருக்கும். தேவைப்படுகிறவர்கள் ஆசிரியர் அறையில் சாவி வாங்கி, குறிப்பேட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டுப் போக வேண்டும். பூட்டு வாங்க அன்று ஆபீஸில் ஆள் இல்லை. "நான் போய் வாங்கிட்டு வரேன் சார்" என்றாள் வெந்நீர் மிஸ். கடையில் இருந்ததிலேயே கனமான பித்தளைப் பூட்டாகப் பார்த்து வாங்கினாள். பூட்டிவிட்டு ஒரு தடவை இழுத்தும் பார்த்தாள்.

அன்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதி.

மணி பிளான்ட் வாடத் தொடங்கியது அதற்கு எட்டு மாதம் கழித்து. இலை மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுந்தது. அவள் திங்கட்கிழமை மட்டும்தான் அதற்குத் தண்ணீர் ஊற்றுவாள். போதவில்லையோ என்று மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள். மண் சேறாக இருந்தது. கொடியைப் பிடித்து இழுத்ததும் வேர் அழுகிக் கையோடு வந்தது.

மறுநாள் ஒன்பதாம் வகுப்புக் கண்ணாடிக்காரி தலைவலி என்று வந்தாள். அந்த மாதத்தில் அது ஐந்தாவது தடவை. வெந்நீர் மிஸ் டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஆபீஸுக்குப் போவதுபோல் வெளியே வந்து கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். கண்ணாடிக்காரி எழுந்தாள். ஜன்னலுக்குப் போனாள். தொட்டியில் வெந்நீரை ஊற்றினாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்து படுத்தாள்.

"ஏண்டி, தலைவலி உனக்கா செடிக்கா?"

கண்ணாடிக்காரி எழுந்து உட்கார்ந்தாள். "ஆறிப்போச்சு மிஸ்."

"ஆவி பறக்குது, ஆறிப்போச்சாம். உன்னால என் செடி வெந்து செத்துப்போச்சு."

"நான் மட்டும் இல்ல மிஸ். எல்லாரும்தான் ஊத்துவோம்."

"குடிச்சா என்ன? அதுல விஷமா கலந்து வச்சிருக்கேன்?"

"குடிச்சா பாத்ரூம் வரும் மிஸ்."

"வந்தா போ."

"பூட்டியிருக்கே."

"சாவி வாங்கிட்டுப் போறதுதானே?"

இவ்வளவு பெரிய மனுஷிக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல் கண்ணாடிக்காரி அவளைப் பார்த்தாள். "அந்த ஸ்கேலைத் தூக்கிக்கிட்டா மிஸ்?"

ஸ்கேல் விஷயம் வெந்நீர் மிஸ்ஸுக்குத் தெரியும். முதல் மாதத்திலேயே இரண்டு சாவி தொலைந்து போனது. மூன்றாவது சாவியைத் துணைத் தலைமை ஆசிரியர், கரும்பலகையில் கோடு போடும் ஒரு மீட்டர் மர ஸ்கேலில் ஓட்டை போட்டுக் கட்டிவிட்டார். இனி யாரும் பையில் போட்டுக்கொண்டு போய்விட முடியாது. ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவளைப் பற்றி நினைக்கவில்லை.

கண்ணாடிக்காரி சொன்னாள். சாவி கணக்கு சாரின் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அவர் நிமிராமல் "என்ன?" என்பார். எட்டு ஆசிரியர்கள் இருக்கும் அறையில் பதில் சொல்ல வேண்டும். பிறகு நான்கு வகுப்புகளைத் தாண்டி வராந்தாவில் போக வேண்டும். ஜன்னலில் முதலில் ஸ்கேல்தான் தெரியும். பையன்கள், "ஸ்கேல் வருது, ஸ்கேல் வருது" என்பார்கள். "இடம் அளக்கப் போறாங்கடா" என்பான் ஒருத்தன். திரும்பி வரும்போது கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வார்கள். ஒருத்திக்கு ஏழு நிமிடம் ஆனதற்கு ஒரு வாரம் அவளை 'ஏழு' என்றே கூப்பிட்டார்கள்.

"இன்டர்வெல்ல திறந்துதானே இருக்கு?"

"பத்து நிமிஷம் மிஸ். நாலு கதவு. ஒண்ணுல தாழ்ப்பாள் இல்ல. நாங்க முந்நூறு பேரு."

"அப்ப தண்ணியே குடிக்கறதில்லையா?"

"காலையில பல்லு தேய்ச்சு வாய் கொப்புளிக்கறதோட சரி."

"பாட்டில்ல தண்ணி கொண்டு வரியே."

"அது எங்க அம்மாவுக்காக மிஸ். நிறைஞ்ச பாட்டிலைத் திரும்பக் கொண்டுபோனா திட்டுவாங்க. தெருமுனையில கொட்டிட்டுப் போவேன்."

"இதை ஏன் என்கிட்ட யாரும் சொல்லல?"

கண்ணாடிக்காரி குனிந்து ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியல மிஸ்" என்றாள்.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது கணவர் கூடத்தில் சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டுகிறவர். காலை ஷிப்ட் வாரம். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் பின்னாலேயே வந்தாள். அம்மாவோடு சேர்ந்து வரமாட்டாள், பத்தடி தள்ளித்தான் வருவாள். வாசலில் ஷூவை உதறிவிட்டு, தோளில் பையோடு நேராகப் பாத்ரூமுக்கு ஓடினாள்.

"ஓரம் போ, ஓரம் போ, எக்ஸ்பிரஸ் வருது" என்றார் அவர். தினமும் சொல்வது. தினமும் வெந்நீர் மிஸ் சிரிப்பாள்.

அன்று சிரிக்கவில்லை. பாத்ரூம் கதவுக்கு வெளியே போய் நின்றாள். வெளியே வந்த மகள் அம்மாவைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"காலையிலிருந்து போகலையா?"

"என்னம்மா கேள்வி இது."

"தினமும் இப்படித்தானா?"

மகள் பையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். பதில் சொல்லாமல் போய்விடுவாள் என்றுதான் அவள் நினைத்தாள். மகள் திரும்பினாள்.

"நீதானேம்மா பூட்டு வாங்கிட்டு வந்த? எல்லாருக்கும் தெரியும். எங்க கிளாஸ்ல என்ன சொல்றாங்க தெரியுமா? 'உங்க அம்மாவே தண்ணி குடுக்கறாங்க, உங்க அம்மாவே பூட்டும் போடறாங்க.' நான் யார்கிட்ட சண்டை போடறது? உண்மைதானே."

கணவர் ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்தார். "எனக்குக் கல்லு எடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா?" என்றார். "டாக்டர் என்ன சொன்னார்? அடக்கி அடக்கி வந்ததுன்னார். எங்களுக்காவது நேரம்தான் இல்ல. யாரும் பூட்டு போடலம்மா."

சொன்னது போதும் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும், பொத்தானுக்குத் திரும்பினார்.

மறுநாள் முதல் மணி அடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே அறையைத் திறந்தாள். பதிவேடுகளை எடுத்துக் கட்டிலில் பரப்பினாள். பூட்டுக்கு முந்தின மாதம் பெண் பிள்ளைகள் 'தலைவலி' என்று எழுதியது பதினாறு தடவை. பூட்டு வந்த மாதம் முப்பத்தொன்று. அதற்கு அடுத்த மாதம் ஐம்பத்தெட்டு. 'அடிவயிறு' என்ற சொல் முன்பு இரண்டே இடத்தில் இருந்தது, இப்போது பக்கத்துக்குப் பக்கம். 'எரிச்சல்' என்று ஒருத்தி எழுதி அடித்திருந்தாள். அடித்ததை அவள் அன்று கவனிக்கவில்லை. டாக்டர் சீட்டோடு ஒரு வாரம் லீவு போட்டவர்கள் மூன்று பேர். ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் அவளுடைய சுருக்கொப்பம். ஒவ்வொரு வரியிலும் 'கொடுத்தது' என்ற கட்டத்தில் அவள் கையெழுத்தில் ஒரே சொல்: வெந்நீர்.

அந்த வருட அறிக்கையில் அவளே எழுதியிருந்தாள்: 'மாணவிகள் முன்னைவிட அதிக நம்பிக்கையோடு முதலுதவி அறையைப் பயன்படுத்துகிறார்கள்.'

பதிவேடுகளை அடுக்கி மார்போடு அணைத்துக்கொண்டு துணைத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனாள். அவர் பொறுமையாகப் பக்கங்களைப் புரட்டினார். படிக்காமல் புரட்டுகிறவர் இல்லை.

"இந்த விஷயத்தைக் கூட்டத்துல எழுப்பினது யாரு?"

"நான்தான் சார்."

"கவனிக்க ஒரு வழி பண்ணுங்கன்னு கேட்டது?"

"நான்தான்."

"பண்ணினோம். அதுக்கப்புறம் ஏதாவது பிரச்சினை வந்ததா?"

"எப்படி சார் வரும்? உள்ள யாருமே போறதில்லையே."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நாளைக்குப் பூட்டை எடுத்து, நாளன்னிக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அந்தப் பெத்தவங்களுக்கு யாரும்மா பதில் சொல்றது? நான் யாரையும் தடுக்கல. சாவி இருக்கு. வாங்கறாங்க, எழுதறாங்க, போறாங்க. யார் வேணும்னாலும் போகலாம்."

"யார் வேணும்னாலுமா சார்?"

"யார் வேணும்னாலும்."

அவள் பதிவேடுகளை எடுத்துக்கொண்டு நேராக ஆசிரியர் அறைக்குப் போனாள்.

"சாவி வேணும் சார்."

கணக்கு சார் நிமிரவில்லை. "என்ன?"

"பாத்ரூம் போகணும்."

இப்போது நிமிர்ந்தார். எட்டுத் தலைகளும் நிமிர்ந்தன. "உங்களுக்கு மாடியில ஸ்டாஃப் பாத்ரூம் இருக்கே?"

"கீழதான் சார் போகணும்."

குறிப்பேட்டில் பெயர் எழுதினாள். வகுப்பு என்ற கட்டத்தில் 'முதலுதவி அறை' என்று எழுதினாள். ஸ்கேலை எடுத்துக்கொண்டு வராந்தாவில் இறங்கினாள். அது நினைத்ததைவிட நீளமாக இருந்தது. படுக்கைவாட்டில் பிடித்தால் தூணில் இடித்தது. நிமிர்த்திப் பிடித்தால் ஜன்னலில் தெரிந்தது. அக்குளில் இடுக்கினால் சாவி ஆடிச் சத்தம் போட்டது. எப்படிப் பிடித்தாலும் ஒளிக்க முடியாதபடித்தான் அது இருந்தது.

"ஸ்கேல் வரு..." என்று பத்தாம் வகுப்பில் ஒரு குரல் தொடங்கிப் பாதியில் நின்றது. பிறகு வகுப்பே வெடித்துச் சிரித்தது. "மிஸ்ஸே போறாங்கடா!"

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. கிளினிக்கில் ரத்தம், சீழ், சாவு எல்லாம் பார்த்தவள். காது மடல் எரிந்தது. திரும்பி வரும்போது கால் தானாக வேகமாகப் போனது. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். பிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றினாள். குடிக்கத் தோன்றவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் திட்டில் இருந்த காலித் தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரே மடக்கில் குடித்தாள். அடுத்த பீரியட் மணி அடித்ததும் எழுந்து சாவி வாங்கப் போனாள்.

அன்று ஆறு தடவை போனாள். மறுநாளும் ஆறு தடவை. மூன்றாம் நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன், "ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட்!" என்றான். அவள் அந்த வகுப்பு வாசலில் நின்றாள். பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தம்பி, தப்பாச் சொல்ற. ரெண்டு அம்பது. கடிகாரத்தைச் சரி பண்ணு. அடுத்த பீரியடும் வருவேன். அதுக்கடுத்ததும் வருவேன். ஒரு நோட்டுப் போட்டு எழுதி வை, வருஷக் கடைசியில நானே கையெழுத்துப் போட்டுத் தரேன்."

வகுப்பு அவனைப் பார்த்துச் சிரித்தது. ஒரு நாளைக்கு ஆறு தடவை ஒரே கேலியைச் செய்ய யாராலும் முடியாது. அந்த வாரக் கடைசியில் ஜன்னலில் ஸ்கேல் தெரிந்தால் யாரும் தலைகூடத் திருப்பவில்லை.

கண்ணாடிக்காரி முதலில் வந்தாள். வகுப்பு வாசலில் நின்று, "மிஸ், நானும் வரட்டுமா?" என்றாள். அடுத்த பீரியட் மூன்று பேர். திங்கட்கிழமை பதினொரு பேர். அவள் ஸ்கேலோடு முன்னால் நடக்க, பின்னால் வரிசை போனது. ஒவ்வொருத்தியாகக் குறிப்பேட்டில் பெயர் எழுத வேண்டும் என்பது விதி. எழுதினார்கள். குறிப்பேடு தீர்ந்தது. புதிய குறிப்பேடு கேட்டு அவள் துணைத் தலைமை ஆசிரியருக்குக் கடிதம் கொடுத்தாள். 'சாவிக் குறிப்பேட்டில் சுருக்கமாக எழுதவும்' என்று சுற்றறிக்கை வந்தது. சுருக்கமாக எழுதினார்கள்.

"நான் பாடம் நடத்தறவனா சாவி நடத்தறவனா?" என்றார் கணக்கு சார். "ஒரு பேப்பர் திருத்தறதுக்குள்ள ஒன்பது பேரு 'சார், சார்'ங்கறாங்க. உங்களுக்கு என் மேல என்னம்மா கோபம்?"

"உங்க மேல கோபமே இல்ல சார். உங்க ஆணி மேலதான்."

இரண்டாவது சுற்றறிக்கை, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே செல்ல வேண்டும் என்றது. அதையும் அவள் அப்படியே கடைப்பிடித்தாள். ஒருத்தி உள்ளே போவாள், வருவாள், பிறகு அடுத்தவள். மற்றவர்கள் வராந்தாவில் நின்றார்கள். வராந்தா வளைந்து துணைத் தலைமை ஆசிரியரின் ஜன்னலுக்குக் கீழேதான் போகிறது. வரிசை அங்கேதான் நின்றது. நிற்கிறவர்கள் கையோடு பாட்டில் கொண்டு வந்தார்கள். எப்படியும் போகப் போகிறோம் என்று நின்ற இடத்திலேயே திறந்து குடித்தார்கள். காலியான பாட்டிலை உருட்டி விளையாடினார்கள். ஜன்னலுக்குள்ளிருந்து, "சத்தம்!" என்று குரல் வரும். ஒரு நிமிடம் அடங்கும்.

ஆசிரியர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பாடம் கெடுகிறது என்றார்கள். அது உண்மைதான் என்று அவளுக்கும் தெரியும். "பூட்டை எடுத்துட்டா ரெண்டு நிமிஷத்துல வந்துடுவாங்க டீச்சர்" என்பாள். அதற்குமேல் விவாதிக்கமாட்டாள். இரண்டு ஆசிரியைகள் தங்கள் வகுப்பை முடித்துவிட்டு வந்து, எதுவும் சொல்லாமல் வரிசையில் நின்றார்கள்.

மகள் மட்டும் வரவில்லை. வீட்டிலும் அதைப் பற்றிப் பேச்சில்லை. "வரிசை எப்படிப் போகுது?" என்று கணவர் கேட்பார். "நிக்குதுங்க" என்பாள். எக்ஸ்பிரஸ் தினமும் வந்துகொண்டுதான் இருந்தது. அவர் இப்போது ஓரம் போகச் சொல்வதில்லை.

இரண்டாவது வாரம் புதன்கிழமை, வரிசையின் கடைசியில் மகள் நின்றாள். பக்கத்தில் இருந்தவளோடு மும்முரமாகப் பேசுவதுபோல் நின்றாள். அம்மாவைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. ஒவ்வொருத்தியாக நகர்ந்து மகளின் முறை வந்தது.

"அடுத்து" என்றாள், மற்றவர்களுக்குச் சொல்வதுபோலவே.

மகள் உள்ளே போனாள். வெளியே வரும்போது, "கை வலிக்குதா? ஸ்கேலைக் கொஞ்ச நேரம் நான் பிடிக்கறேன், குடு மிஸ்" என்றாள். வரிசையில் நின்றவர்கள் 'மிஸ்ஸாம்' என்று ஓவென்று கத்தினார்கள். ஜன்னல், "சத்தம்!" என்றது.

அந்த வெள்ளிக்கிழமை துணைத் தலைமை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் மூன்று குறிப்பேடுகள் இருந்தன, நிரம்பியவை.

"உட்காருங்க" என்றார். கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "பூட்டை எடுத்துடறேன். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அன்னிக்கு நீங்க அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வந்தப்போ நான் படியில நின்னுட்டிருந்தேன். அவ மூஞ்சியைப் பார்த்தேன். இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. மறுபடி ஒருத்தி அப்படி உள்ள போய் உட்கார்ந்தா? எனக்கும் பயம்தாம்மா."

அவர் பயப்படக்கூடியவர் என்று அவளுக்கு அதுவரை தோன்றியதில்லை. சுற்றறிக்கைகளெல்லாம் சட்டென்று வேறு மாதிரி தெரிந்தன.

"பீரியடுக்கு ஒரு தடவை நான் போய் ஒவ்வொரு கதவையும் தட்டுவேன் சார். உள்ள இருக்கறவ பதில் சொல்லணும். சொல்லலைன்னா அங்கேயே நிப்பேன்."

"நீங்க லீவு போட்டா?"

"ரெண்டு டீச்சர்கிட்ட பேசிட்டேன். அவங்க தட்டுவாங்க."

"எழுதிக் குடுங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். 'இந்தப் பொறுப்பை நான் ஏற்கிறேன்' என்று முடித்தாள். அவர் வாங்கிப் படித்து ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திக் கோப்பில் வைத்தார்.

பூட்டை அவளே கழற்றினாள். ஸ்கேலைக் கணக்கு சார் வாங்கிக்கொண்டார். சாவி தொங்கிய ஓட்டையில் சாக்பீஸைச் செருகிக் கரும்பலகையில் பெரிய வட்டம் போட்டால் அச்சாக வருகிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குக் கணவரின் டூல் பையிலிருந்து திருகு எடுத்து வந்து அவளே ஒன்று பொருத்தினாள். கொஞ்சம் கோணல், ஆனால் விழும்.

முதல் நாட்களில் தட்டினால் உள்ளேயிருந்து சிரிப்புத்தான் வந்தது.

"யாரு உள்ள? சரியா இருக்கியா?"

"சரியா இருக்கேன் மிஸ். நீங்க?"

"வெந்நீர் வேணாம் மிஸ்!"

"மிஸ், பக்கத்துக் கதவுல இருக்கறவ சரியா இல்ல, பாட்டுப் பாடறா."

அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போவாள். பிறகு சிரிப்புக் குறைந்து, "இருக்கேன் மிஸ்" என்பது வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல் ஆனது. பதிவேட்டில் தலைவலி இருபதுக்கு வந்தது, பிறகு பதினான்கு. ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு கட்டிலும் நாள் முழுக்கக் காலியாக இருந்தன. அவள் ஒரு புது மணி பிளான்ட் கொண்டு வந்து வைத்தாள்.

மூன்று மாதம் ஆகியிருக்கும். ஒரு வியாழக்கிழமை ஆறாவது பீரியட். முதல் கதவு, "இருக்கேன் மிஸ்." இரண்டாவது திறந்து கிடந்தது. மூன்றாவதும். கடைசிக் கதவைத் தட்டினாள்.

"யாரு உள்ள? சரியா இருக்கியா?"

பதில் இல்லை. கீழே இடைவெளியில் இரண்டு ஷூ தெரிந்தன, நாடா அவிழ்ந்து. மறுபடி தட்டினாள். மெதுவாகத் தட்டினாள்.

"இல்ல மிஸ்" என்றது ஒரு குரல்.

யாருடைய குரல் என்று தெரியவில்லை. அவள் சுற்றிலும் பார்த்தாள். குழாயடியில் இருந்த பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி. இங்கதான் இருக்கேன். வெளிய வான்னு சொல்லமாட்டேன்."

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. முதல் கதவுக்காரி வெளியே வந்து, அவளைப் பார்த்து, கையைக் கழுவிக்கொண்டு ஓசைப்படாமல் போனாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வெகு நேரம் கழித்து மணி அடித்தது.

"பெல் அடிச்சிடுச்சு மிஸ்."

"அடிக்கட்டும்" என்றாள்.